நாலெழுத்து

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால், எங்கள் எடிட்டிங் அறைக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை. கவுண்டம்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தார். மஞ்சப்பைக்குள் பழைய துண்டில் சுற்றிய ஒரு 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். பட்டையாக அகலக் கேபிள் செருகுவோமே, அந்தக் காலத்து வகை.

“எங்க சித்தி கல்யாணங்ணா. நீங்கதான் எடுத்தீங்களாமா. சி.டி.யெல்லாம் பூஞ்சை புடிச்சுப் போச்சுங்க.”

“எந்த வருசங்க அம்மணி?”

“ரெண்டாயிரத்து ஒண்ணுங்க. எனக்கு அப்ப நாலு வயசு. எங்க அமுச்சி பேசுனது ஒண்ணு இதுல இருக்குதாமா. அது மட்டும் கெடச்சாப் போதுங்க.”

அந்த மாப்பிள்ளையை ஞாபகம் இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்தவர். டேப் வேண்டாம், வி.சி.டி. போதாது, மிக்சிங் முடித்த ஃபைலையே கொடுங்கள் என்று தன் காசில் டிஸ்க் வாங்கிவந்து கொடுத்த ஒரே பார்ட்டி அவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் கேசட் பெட்டியின் மேல் பொண்ணு மாப்பிள்ளை படம் ஒட்டியிருந்தால் போதும்.

டிஸ்க் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. ஏழு ஃபைல்கள், ஒவ்வொன்றும் 2 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாவதைத் தட்டினேன். திரை கறுப்பாகவே இருந்தது. சத்தம் மட்டும் சுத்தமாக வந்தது. நாதஸ்வரம், பந்தியில் இலை போடச் சொல்லும் குரல், குழந்தை அழுகை. அப்புறம் ஒரு கிழவியின் அதட்டல்: “என்ற மூஞ்சிக்கு நேரா எதுக்குடா புடிக்கற? பொண்ணப் புடி.”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்குக் கேமரா என் தோளில்தான் இருந்தது. திட்டு வாங்கியவன் நான்.

சத்தம் வந்து படம் வராததற்குக் காரணம் உண்டு. அந்த நாளில் ஒலியைச் சுருக்காமலேயே வைத்திருப்போம். எந்தக் கம்ப்யூட்டரும் அதைப் படித்துவிடும். படத்தை அப்படி வைக்கக் கட்டுப்படியாகாது. 720க்கு 576 புள்ளி, வினாடிக்கு 25 படம், புள்ளிக்கு இரண்டு பைட் என்று பெருக்கிப் பாருங்கள், வினாடிக்கு 20 மெகாபைட்டைத் தாண்டும். ஒரு மணி நேரக் கல்யாணத்துக்கே அந்த 40 ஜிபி டிஸ்க் இரண்டு வேண்டும். அதனால் சுருக்கி எழுத ஒரு சூத்திரம், விரித்துக் காட்ட அதே சூத்திரத்தின் மறுபாதி. இரண்டும் சேர்ந்ததுதான் கோடெக். எந்தச் சூத்திரம் என்பதை ஃபைலின் நெற்றியில் நாலே நாலு எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்த நாலெழுத்துக்கு உரிய கோடெக் கம்ப்யூட்டரில் இருந்தால் படம் வரும். இல்லையென்றால் கறுப்புத் திரைதான்.

“நாலெழுத்து படிச்சிருந்தா இப்படி லோல்பட வேண்டாமடா” என்று எங்கப்பா விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்துவார். நான் படித்த நாலெழுத்து இவைதான். சி-வி-ஐ-டி என்றால் சினிபேக். எம்-ஜே-பி-ஜி என்றால் மோஷன் ஜேபெக். டி-வி-எஸ்-டி என்றால் மினி கேசட்டிலிருந்து வந்தது. டி-ஐ-வி-3 என்றால் கடத்தல் சரக்கு. அந்தக் கதைக்கு வருகிறேன்.

1991 டிசம்பரில் ஆப்பிள் குவிக்டைமை வெளியிட்டது. 1992 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ‘வீடியோ ஃபார் விண்டோஸ்’ என்று பதில் கொடுத்தது. ஏவிஐ ஃபைல் பிறந்த இடம் அதுதான். அப்போதைய படம் தீப்பெட்டி அளவுதான், அதுவும் தத்தித் தத்தி ஓடும். ஆனால் இரண்டு கம்பெனியும் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டன. கோடெக்கைத் தங்கள் வீட்டுக்குள் கட்டாமல் வெளியே விட்டன. மின்வாரியம் சுவர் வரைக்கும் கரண்டைக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. பிளக்கில் மிக்ஸியைச் செருகுவதும் கிரைண்டரைச் செருகுவதும் நம் பாடு. அதே மாதிரி, யார் வேண்டுமானாலும் ஒரு கோடெக் எழுதி சிஸ்டத்தில் செருகலாம். செருகிவிட்டால் படம் பார்க்கும் மென்பொருளுக்கும் தெரியும், படம் வெட்டும் பிரீமியருக்கும் தெரியும். முதல் சில வருஷங்களில் எல்லோரும் நம்பிய சினிபேக்கே வெளியாள் சரக்குதான். சூப்பர்மேக் என்ற கம்பெனி எழுதி, ஆப்பிள் தன் குவிக்டைமில் சேர்த்துக்கொண்டது.

நான் தொழிலுக்கு வந்தபோது இதெல்லாம் கோவை காந்திபுரத்துக்கு எட்டவில்லை. இரண்டு வி.சி.ஆர்., நடுவில் ஒரு பானாசோனிக் மிக்சர், தாலி கட்டும் காட்சியில் இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை முகம். அதற்கே தனிக் கட்டணம். கம்ப்யூட்டர் வந்தது 1999 வாக்கில். சோனியும் மற்றவர்களும் 1995இல் கொண்டுவந்த டிஜிட்டல் கேசட் அதற்குள் எங்கள் விலைக்கு இறங்கியிருந்தது. (டி.வி. என்று தமிழில் எழுதினால் அது தொலைக்காட்சி ஆகிவிடுகிறது, ஆகவே டிஜிட்டல் கேசட் என்றே வைத்துக்கொள்கிறேன்.) அதில் வினாடிக்கு 25 மெகாபிட் என்பது எழுதிவைத்த கணக்கு. எந்தக் கேமராவில் எடுத்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். கேபிளில் இழுத்து டிஸ்கில் போட்டால் மணிக்கு 13 ஜிபி.

சரக்கு ஒன்றாக இருந்தும் பெயர்ப்பலகை ஒன்றாக இல்லை. கேப்சர் கார்டு செய்த கம்பெனிகள் சில, இழுத்த ஃபைலின் நெற்றியில் தங்கள் சொந்த நாலெழுத்தைக் குத்தி அனுப்பின. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது: எங்கள் கோடெக் வேகமாக ஓடும், மைக்ரோசாஃப்ட் கொடுத்ததைவிட நிறம் நன்றாக இருக்கும் என்பார்கள். அது பொய்யும் இல்லை. கூறைப்பட்டின் சிவப்பை அந்த இலவசக் கோடெக் பிசிறடித்துக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கார்டு இருக்கும் வரைதான் கோடெக். கார்டை மாற்றினால், பழைய ஃபைல் நம் வீட்டிலேயே இருந்தும் சாவி அடுத்த வீட்டில்.

அந்த 2 ஜிபிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏவிஐ ஃபைலை முதலில் வடிவமைத்தவர்கள் ஒரு ஃபைல் 2 ஜிபிக்கு மேல் போகும் என்று நினைத்தே பார்க்கவில்லை. 1996இல் மேட்ராக்ஸ் கம்பெனி முன்நின்று அதற்கு ஒட்டுப் போட்டார்கள், ஆனால் எங்களிடம் இருந்த பழைய மென்பொருள்களுக்கு அந்த ஒட்டு தெரியாது. 2 ஜிபி என்றால் ஒன்பதரை நிமிஷம். ஒன்பதரை நிமிஷத்துக்கு ஒருமுறை கல்யாணம் துண்டாகும். கெட்டிமேளம் ஒரு ஃபைலில், தாலி அடுத்த ஃபைலில். இணைச்சீர் நடக்கும்போது பாதியில் வெட்டிவிட்டால், சீர் செய்யும் மாப்பிள்ளையின் அக்காவுக்கு நாம் என்ன சமாதானம் சொல்ல முடியும்? அதனால் கேப்சர் பண்ணும்போது பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஐயர் டம்ளரைக் கீழே வைக்கிற மாதிரி ஒரு சும்மா இடம் பார்த்து நிறுத்துவோம்.

கோடெக் பிளக்-இன் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது வி.சி.டி.யின் புண்ணியத்தில். 2000, 2001இல் எல்லோரும் வி.சி.டி. கேட்டார்கள். அதற்கு எம்பெக்-1 ஃபைல் வேண்டும். 352க்கு 288 புள்ளி, வினாடிக்கு 1150 கிலோபிட். எங்களிடம் இருந்த பிரீமியர் 5.1க்கு எம்பெக் எழுதத் தெரியாது. (அப்போது ஊரில் எத்தனை பேரிடம் உரிமம் வாங்கிய பிரீமியர் இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.) சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வந்த ஒருவர் ஒரு சி.டி. கொண்டுவந்தார். அதில் பானாசோனிக் எழுதிய எம்பெக் பிளக்-இன், லிகோஸ் என்ற கம்பெனியின் எல்எஸ்எக்ஸ், பிபிஎம்பெக் என்று யாரோ ஒரு தனிமனிதர் இலவசமாக எழுதிவிட்ட ஒன்று, மூன்றும் இருந்தன. ஃபைலைப் பிரீமியரின் பிளக்-இன் ஃபோல்டரில் போட்டுத் திறந்தால், ஏற்றுமதிப் பட்டியலில் புதிதாக ஒரு வரி முளைத்திருக்கும். இரண்டு கம்பெனி மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

எது நல்ல பிளக்-இன் என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஒரே ஒரு பரீட்சை: அட்சதை. எம்பெக் முறை, முந்தைய படத்தில் இருந்தது எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடித்தான் இடத்தை மிச்சம் பிடிக்கிறது. ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் அரிசியை வீசினால் எந்த அரிசி எங்கே போனது என்று அது தேடித் திணறும். படம் கட்டம் கட்டமாக உடையும். மாப்பிள்ளை முகம் லெகோ பொம்மை மாதிரி ஆகிவிடும். கல்யாணத்தின் உச்சமான மூன்று வினாடியில்தான் இது நடக்கும், அந்த மூன்று வினாடியைத்தான் பார்ட்டி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். மூன்று பிளக்-இன்னிலும் அதே அட்சதையை ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்து, காலையில் டீக்கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வோம். பானாசோனிக் அரிசியைக் கொஞ்சம் மழுப்பும், முகத்தைக் காப்பாற்றும். எனக்கு அது போதுமாக இருந்தது. எதிர்க் கடைக்காரர் வேறு கட்சி.

2002இல் பிரீமியர் 6.5 வந்தது. எம்பெக் எழுதுவது பெட்டிக்குள்ளேயே இருந்தது. அடோபி அதைத் தானே எழுதவில்லை. ஜெர்மனியில் ஆகன் நகரத்து மெயின்கான்செப்ட் கம்பெனி எழுதியது. அதுவரை தனியாகப் பிளக்-இன் விற்றுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வாடகைக்குக் குடிவந்தவர் வீட்டு மாப்பிள்ளையான கதை. இந்தத் தொழிலில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. இன்றைக்கு மென்பொருளோடு பிறந்தது மாதிரி தெரிகிற வசதிகளில் பல, நேற்று யாரோ ஒரு வெளியாள் ஓட்டை ஃபோல்டரில் செருகிவிட்டுப் போனவைதான்.

இப்போது டி-ஐ-வி-3. 

மைக்ரோசாஃப்ட்டிடம் எம்பெக்-4 முறையில் அருமையான ஒரு கோடெக் இருந்தது. அதன் நாலெழுத்து எம்-பி-4-3. அதைத் தங்களுடைய ஏஎஸ்எஃப் ஃபைலுக்குள் மட்டும்தான் எழுதலாம், ஏவிஐக்குள் கூடாது என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள். பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் ஜெரோம் ரோட்டா என்ற இளைஞருக்கு இது பிடிக்கவில்லை. தன்னுடைய வேலைகளின் மாதிரி வீடியோ புதிய பிளேயரில் ஓடாமல் போனதுதான் அவருடைய கோபம். 1999இல் அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்தக் கோடெக்கைப் பிரித்து, பூட்டை உடைத்து, நாலெழுத்தை மாற்றி வெளியே விட்டார்கள். உள்ளே இருந்த சூத்திரம் மைக்ரோசாஃப்டுடையதே. பெயரைக்கூடக் கிண்டலாக வைத்தார்கள். அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற கடைக்காரர்கள் டிவ்எக்ஸ் என்று ஒரு வாடகை வட்டு விற்றுப் பார்த்தார்கள். முதல்முறை போட்டதிலிருந்து 48 மணி நேரம்தான் ஓடும், அப்புறமும் பார்க்க வேண்டுமென்றால் தொலைபேசி வழியாகக் காசு. அது 1999லேயே செத்துப்போனது. செத்ததின் பெயரை எடுத்து, பின்னால் கண்ணடிக்கிற முகம் ஒன்றையும் சேர்த்துத் தங்கள் கோடெக்குக்கு வைத்துவிட்டார்கள்.

அதே சமயத்தில் ஏவரி லீ என்பவர் எழுதிய விர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருள் ஏஎஸ்எஃப் ஃபைலைத் திறந்துகாட்டியது. காப்புரிமை இருக்கிறது என்று 2000இல் மைக்ரோசாஃப்ட் சொல்ல, அவர் அந்த வசதியை எடுத்துவிட வேண்டியதாயிற்று. இந்த இரண்டு கதையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். படம் எடுத்தவனுக்கும் படத்தில் இருப்பவனுக்கும் அந்தப் படத்தின்மேல் உள்ள உரிமை, கடைசியில் ஒரு நாலெழுத்துச் சொந்தக்காரரின் தயவில் நிற்கிறது. அதனால் எனக்குக் கள்ளச்சாவி போடுகிறவர்கள்மேல் கோபமே வருவதில்லை. திருட்டு சி.டி. விற்றவர்களுக்கும் அதே சாவி உதவியது, உண்மைதான். முழுப் படமும் ஒரே சி.டி.யில் என்று அவர்கள் கூவியது டிவ்எக்ஸ் தைரியத்தில்தான். ஆனால் நியூஜெர்சியில் இருந்த அண்ணனுக்குத் தங்கச்சி கல்யாணத்தை ஒரே சி.டி.யில் தபாலில் அனுப்ப நாங்களும் அதையே பயன்படுத்தினோம்.

அப்புறம் அந்தக் கும்பல் சான் டியாகோவில் முறையான கம்பெனி ஆனது. 2001இல் தங்கள் சொந்தக் கோடெக்கைத் திறந்த மூலமாக விட்டார்கள், பிறகு கதவைச் சாத்தினார்கள். வெளியே நின்றவர்கள் அதை எடுத்துத் தனியாக வளர்த்து, டிவ்எக்ஸின் எழுத்துகளை வரிசை திருப்பிப் போட்டு எக்ஸ்விட் என்று பெயர் வைத்தார்கள். பூட்டை உடைத்தவர் பூட்டுப் போட்டார், அதையும் வேறொருவர் உடைத்தார்.

கள்ளச்சாவிக் கொத்து ஆபத்தில்லாததும் அல்ல. இணையத்தில் ‘கோடெக் பேக்’ என்று மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார்கள், நாற்பது ஐம்பது கோடெக் ஒரே சொடுக்கில். எங்கள் கடைத் தம்பி ஒருவன் ஒரு படம் பார்ப்பதற்காக ராத்திரி எடிட்டிங் மிஷினில் அப்படி ஒரு மூட்டையை இறக்கிவிட்டான். காலையில் பிரீமியரைத் திறந்தால் ஒரு கல்யாண மண்டபமே சிரசாசனம் செய்துகொண்டிருந்தது. வந்த கோடெக்குகளில் ஒன்று மற்றவற்றை முந்திக்கொண்டு ‘நான் திறக்கிறேன்’ என்று எல்லா ஃபைலையும் தலைகீழாகத் திறந்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. விண்டோஸையே துடைத்துப் போட்டு, கார்டு, பிரீமியர், எழுத்துருக்கள் என்று முதலிலிருந்து ஏற்றினோம். இரண்டு நாள் தாமதம். பார்ட்டி ஐந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எடிட்டிங் மிஷினில் இணைய வயர் கிடையாது, தம்பிக்கு இரவுச் சாவியும் கிடையாது.

2006இல் சோனியின் எச்டிவி கேமரா வாங்கினேன். அதே மினி கேசட், அதே 25 மெகாபிட், ஆனால் 1440க்கு 1080 புள்ளி. எப்படி அடைத்தார்கள்? பத்திரம் எழுதுகிற முறையில். முதல் பக்கத்தில் சொத்து விவரம் முழுக்க எழுதிவிட்டு அடுத்தடுத்த பக்கங்களில் ‘மேற்படி’ ‘மேற்படி’ என்று போவார்கள் அல்லவா? அதே மாதிரி 12 படத்துக்கு ஒன்று முழுதாக, மற்றவை ‘மேற்படி, இதில் கை மட்டும் நகர்ந்தது’. பார்ப்பதற்குச் சரி. வெட்டுவதற்கு நரகம். ஏழாவது படத்தில் வெட்டினால் மேற்படி எதைச் சொல்கிறது என்று மிஷின் முதல் பக்கத்துக்கு ஓட வேண்டும். டைம்லைனில் தலையை நகர்த்தினால் டீ குடித்துவிட்டு வரலாம்.

இதற்கு அடோபியிடமும் மருந்து இல்லை, சோனியிடமும் இல்லை. சினிஃபார்ம் என்ற சின்னக் கம்பெனியிடம் இருந்தது. அவர்களுடைய பிளக்-இன் எச்டிவியை உள்ளே இழுக்கும்போதே ஒவ்வொரு படத்தையும் தனித்தனி முழுப் பத்திரமாக மாற்றி எழுதிவிடும். ஃபைல் பெருக்கும், டிஸ்க் செலவாகும், ஆனால் வெட்டு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல. நெற்றியில் சி-எஃப்-எச்-டி. எங்கள் ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்கிய இரண்டு மூன்று பேரில் நானும் ஒருவன் என்பதில் எனக்கு இன்றும் ஒரு கர்வம் உண்டு. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக மும்பைச் சந்துகளில் எஸ்ஐ-2கே என்ற சின்னக் கேமராவைக் கையிலும் பதிவுக் கருவியை முதுகுப் பையிலும் வைத்துக்கொண்டு ஓடினார்களே, அந்தக் கேமரா எழுதியதும் சினிஃபார்ம் ஃபைல்தான். 2009இல் அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அன்றைக்கு ஊரே ரஹ்மானுக்காகப் பட்டாசு வெடித்தது. நான் என் கோடெக்குக்கும் சேர்த்து ஒரு சரம் வெடித்தேன், யாருக்கும் சொல்லவில்லை.

2011இல் சினிஃபார்மை கோப்ரோ வாங்கியது. 2017இல் அதன் மூலநிரலையே திறந்து விட்டார்கள். நல்ல சாவு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சூத்திரம் பொதுச்சொத்தாகிவிட்டால் கம்பெனி இருந்தாலென்ன, போனாலென்ன.

மேக் வைத்திருந்தவர்களுக்கு 2007இல் ப்ரோரெஸ் வந்துவிட்டது, ஃபைனல் கட்டோடு. சென்னையில் நிறம் திருத்தும் இடங்கள் எல்லாம் ப்ரோரெஸ் ப்ரோரெஸ் என்று கேட்க ஆரம்பித்தன. விண்டோஸ்காரர்களுக்கு ஆப்பிள் 2008இல் ஒரு தர்மம் செய்தது: படிக்கலாம், எழுதக் கூடாது. கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுக்கொள் என்ற கதை. அடோபி விண்டோஸில் ப்ரோரெஸ் எழுத அதிகாரபூர்வமாக வழிவிட்டது 2018 டிசம்பரில். இடைப்பட்ட பத்து வருஷத்தை நாங்கள் அவிட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த டிஎன்எக்ஸ்எச்டி பிளக்-இன்னை வைத்தும், வெளியாட்கள் எழுதிய ப்ரோரெஸை வைத்தும் ஓட்டினோம்.

அந்த வெளியாள் ப்ரோரெஸில் ஒரு வேடிக்கை. ப்ரோரெஸில் ஃபைலின் நெற்றியில் மட்டுமல்ல, ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதியவர் யார் என்று இன்னொரு நாலெழுத்து உண்டு. ஆப்பிள் எழுதினால் ஏ-பி-எல்-பூஜ்யம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் எழுதினால் எல்-ஏ-வி-சி. ஒரு குறும்படத்துக்கு நான் அனுப்பிய ஃபைல், படத்தில் ஒரு குறையும் இல்லாமல், இந்த நாலெழுத்துக்காகத் திரும்பி வந்தது. எஃப்எஃப்எம்பெக்கில் அந்தக் கையெழுத்தை மாற்றிப் போடவும் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் கையெழுத்தைப் போட்டு அதே படத்தை மறுபடி அனுப்பினேன். ‘இப்ப பர்ஃபெக்ட், கலர்கூட நல்லாயிருக்கு’ என்று பதில் வந்தது. பொய்க் கையெழுத்துதான். பாவம் என்றால் அந்த நிறம் சொன்னவருக்கும் அதில் பாதி.

இதற்கிடையே அடித்தளமே சரிந்துகொண்டிருந்தது. 2010இல் பிரீமியர் 64 பிட்டுக்கு மாறியது. விண்டோஸ் குவிக்டைமோ 32 பிட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டும் நேரடியாகப் பேச முடியாது. அடோபி நடுவில் ஒரு தூதனை நிறுத்தியது, பின்னணியில் ‘க்யூடி32 சர்வர்’ என்று ஓடும். மாமியாரும் மருமகளும் பேசாத வீட்டில் பேரன் இங்கும் அங்கும் சேதி சொல்வதுபோல. வைரஸ் காவலாளி அந்தத் தூதனை வாசலில் நிறுத்திவிட்டால் எம்ஓவி ஃபைல் எதுவும் திறக்காது, ஏன் என்றும் தெரியாது.

2016 ஏப்ரலில் விண்டோஸ் குவிக்டைமில் இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளிப்பட்டன. ஆப்பிள் அடைக்கப் போவதில்லை என்று தெரிந்தது. அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே அதைக் கழற்றிவிடுங்கள் என்று அறிவித்தது. கழற்றினால் அதில் செருகியிருந்த அத்தனை வெளியாள் கோடெக்கும் அந்தரத்தில். 2018 ஏப்ரலில் அடோபி குவிக்டைம் காலத்துப் பழைய கோடெக்குகளைக் கைவிட்டது. 2019இல் மேக்கும் கேடலினா பதிப்போடு கைவிட்டது. 1991இல் சுவரில் வைத்த பிளக் பாயிண்டைச் சிமென்ட் வைத்து மூடியாயிற்று. இப்போது வெளியாள் பிளக்-இன்களைச் சிஸ்டத்தில் செருகுவதில்லை. அந்தந்த மென்பொருள் விட்டுவைத்த சின்னச் சன்னல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. எல்இடி திரைக்காரர்கள் கேட்கும் டிஎக்ஸ்வி கோடெக்கும் அப்படித்தான் வந்து சேர்கிறது. வரவேற்பு மேடையில் எல்இடி வைக்காத கல்யாணம் இப்போது ஏது?

பெரிய கம்பெனிகள் சாத்திய கதவுகளையெல்லாம் இன்றைக்குத் திறந்துவைத்திருப்பது, ஃபப்ரீஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2000இல் ஆரம்பித்து, பின்னால் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து இழுத்துவரும் எஃப்எஃப்எம்பெக். சினிபேக், இன்டியோ, சினிஃபார்ம், ப்ரோரெஸ், டிவ்எக்ஸ் எல்லாவற்றுக்கும் அதில் சாவி உண்டு. எழுதிய கம்பெனியே மறந்துவிட்ட கோடெக்கை எங்கோ ஒரு பையன் ராத்திரி உட்கார்ந்து பிரித்துப் பார்த்து எழுதிவைத்திருக்கிறான்.

அந்த மஞ்சப்பை டிஸ்குக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. உள்ளே இருப்பது கேசட்டிலிருந்து வந்த அதே பொதுச் சரக்கு, வெளியே பெயர்ப்பலகைதான் வேறு என்று எனக்குத் தெரியுமே. ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். ஏவிஐயின் தலைப்பகுதியில் அந்த நாலெழுத்து இரண்டு இடத்தில் வரும். இரண்டையும் அழித்து டி-வி-எஸ்-டி என்று அடித்தேன். எட்டு எழுத்து. சேமித்துத் தட்டினேன்.

படம் வந்தது. மண்டபத்து டியூப்லைட் பச்சை, நான் அப்போது நிறம் சரிபார்க்கத் தெரியாமல் எடுத்தது. வெள்ளைச் சீலையில் ஒரு கிழவி, காதில் தண்டட்டி போட்ட ஓட்டை தொங்க, கேமராவைப் பார்த்துக் கையை வீசுகிறார். “என்ற மூஞ்சிக்கு நேரா எதுக்குடா புடிக்கற? பொண்ணப் புடி.”

உடனே படம் வலப்பக்கம் சடாரென்று திரும்புகிறது. மணப்பெண். தலை குனிந்தபடி, ஒரு நிமிஷத்துக்கு மேல். அமுச்சி பேசிக்கொண்டே இருக்கிறார், எங்க காலத்துல ராந்தல் வெளிச்சத்துல கல்யாணம், உங்க தாத்தன் மூஞ்சியவே மக்யா நாள்தான் பாத்தேன், பொண்ணே நீ நல்லா இரு. படத்தில் பெண்ணின் நெற்றிச்சுட்டி மட்டும் ஆடுகிறது.

அந்தப் பெண் முடியும்வரை பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஓட்டச் சொன்னார்.

“அவ்வளவுதானுங்களாண்ணா?”

எண்ணிப் பார்த்தேன். ஆறு வினாடி. 150 படம்.

“சொன்னதும் திருப்பீட்டீங்களாக்கும்” என்றார்.

“பெரியவங்க சொன்னா என்ன பண்றதுங்க அம்மணி.”

ஏழு ஃபைலையும் சரிசெய்து, எனக்கென்று, படத்தில் எதையும் இழக்காமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 கோடெக்கில் ஒரு நகல் எடுத்து வைத்தேன். அவருக்கு எம்பி4 போட்டு ஒரு பென் டிரைவில் கொடுத்தேன். வாசல்வரை போய்த் திரும்பிவந்தார்.

“அந்த ஆறு வினாடிய மட்டும் வாட்சப்புல போட்டுவிடுங்ணா. அம்மா கேட்டுட்டே இருக்காங்க.”